சுருக்குப்பையில் இருக்கும் புகையிலை: கர்ப்பிணிக்குக் குறுஞ்செய்தியா, குரலா, நேரில் போவதா?

எங்கள் பக்கத்து மகளிர் குழுக் கூட்டமைப்பில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் சிலரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்கள் புகையிலையை விட உதவ வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனசு. எப்படி என்பதில்தான் பேச்சு நீண்டுகொண்டே போகிறது. "எல்லார் கையிலயும் போன் இருக்கு, மெசேஜ் அனுப்பிரலாம்" என்பது இளையவர்கள் கட்சி. "நேர்ல போய் உக்காந்து பேசாம ஒண்ணும் நடக்காது" என்பது பெரியவர்கள் கட்சி. நடுவில் பதிவு செய்த அழைப்பு, வாட்ஸ்அப், அரசின் இலவச எண், பரிசுக் கூப்பன் என்று ஆளுக்கொரு யோசனை. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரத்தில் வேறு ஊர்க்காரர்களும் இதே கேள்வியோடு இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு வழியையும் எடைபோட்டு இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தியை மட்டும் நம்பி இறங்குவது நம் பக்கத்துக்குச் சரிப்படாது. அவளுக்கு முகம் தெரிந்த ஒரு செவிலியரின் குரல் போனில் வந்தால் சரிப்படும். எழுத்தில் போகும் செய்திக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கணவனின் போன்.

நம் பக்கம் என்ன பழக்கம்?

குறுஞ்செய்தித் திட்டங்கள் பிறந்தது சிகரெட் பிடிக்கும் பெண்கள் அதிகம் இருக்கும் நாடுகளில். இங்கே நிலைமை வேறு. 2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். மெல்லும், ஒதுக்கும், தேய்க்கும் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள் 12.8 சதவீதம். ஆகவே "சிகரெட்டை விடுங்கள்" என்று செட்டிநாட்டுக் கிராமத்துக் கர்ப்பிணிக்குச் செய்தி அனுப்பினால், இது யாருக்கோ வந்தது என்றுதான் அவள் நினைப்பாள். அவளிடம் இருப்பது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு கிள்ளுப் புகையிலை. புகை அவளிடமிருந்து வருவதில்லை. வீட்டுக்குள் கணவனோ மாமனாரோ பிடிக்கும் பீடியிலிருந்து வருகிறது.

புதுவயல் அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வெயில், தவிட்டுத் தூசி, காலையில் குடித்த நீராகாரம். பதினோரு மணிக்கு ஒருத்தி சுருக்குப்பையை அவிழ்ப்பாள், நாலு பேர் கை நீட்டுவார்கள். நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையிலும் இதேதான். "வாயில ஒதுக்கிக்கிட்டா பசி தெரியாது சிஸ்டர்" என்று ஒரு பெண் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. நிக்கோட்டின் பசியை அடக்கும். மசக்கைக் குமட்டலுக்கும் இது கேட்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தப் பசி அடங்கக் கூடாத பசி என்பதுதான் கொடுமை.

கெடுதல் எவ்வளவு? மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், புகையிலை மென்ற தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. பிரசவமும் ஏறக்குறைய ஆறு நாள் முந்தியது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு 2.6 கிலோவில் பிறக்க வேண்டிய பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இறங்கிவிட அந்த 105 கிராம் போதும். குழந்தை இறந்தே பிறக்கும் அபாயமும் கூடுகிறது என்று அதே நகரத்தில் நடந்த தொடர் ஆய்வு காட்டியது. பீடி, சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மெல்லும் புகையிலையில் கிடையாது. ஆனால் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. அடுத்தவர் பீடிப் புகையும் பிறக்கும் குழந்தையின் எடையைக் குறைக்கிறது. பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடு என்றால் ஒன்றும் நடக்காது. முதலில் புகையிலை போக வேண்டும், பிறகு பாக்கு. வெறும் வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் நிக்கோட்டின் உடம்பிலிருந்து வழக்கத்தைவிட வேகமாக வெளியேறுகிறது. அதனால் அடுத்த வாய்க்கான நமநமப்பு சீக்கிரமே வந்துவிடும். "புள்ளத்தாச்சியா இருக்கையில கட்டுப்பாடு வேணாமா?" என்று அவளைத் திட்டுகிறவர்கள் இதை அறிந்தால் கொஞ்சம் அடங்குவார்கள்.

குறுஞ்செய்தி: மலிவு, ஆனால் போய்ச் சேருமா?

இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. 2011-ல் பிரிட்டனில் 5,800 புகைப்பவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஊக்கச் செய்திகள் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். சாதாரணச் செய்திகள் மட்டும் பெற்றவர்களில் 4.9 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல். ஒரு செய்திக்குச் சில பத்துப் பைசாதான் செலவு என்னும்போது இது சின்ன விஷயமே இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இளையவர்கள் குறுஞ்செய்தி என்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாம் விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவெடுத்துப் பெயர் கொடுத்தவர்கள். கர்ப்பிணிகளிடம் கணக்கு இப்படி வரவில்லை. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கென்றே மிக்விட் என்ற திட்டம் உருவானது. எத்தனையாவது வாரம் என்பதைப் பார்த்து, அவளுடைய பழக்கத்துக்கு ஏற்ப, பன்னிரண்டு வாரம் செய்தி வரும். ஆசை வந்தால் ஒரு சொல்லைத் திருப்பி அனுப்பினால் உடனே உதவிச் செய்தியும் வரும். நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. அதன் பெரிய ஆய்வில் 1,002 பெண்கள் கலந்துகொண்டார்கள். தொடர்ந்து விட்டிருந்தவர்கள் செய்தி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 4.6 சதவீதம். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்காக நடந்த இதுபோன்ற ஒரு திட்டத்திலும் ஒட்டுமொத்தமாகப் பெரிய பலன் தெரியவில்லை. வயது சற்றுக் கூடியவர்களுக்கும் மாதம் ஏறியவர்களுக்கும் ஓரளவு உதவியது. எழுதப் படிக்கத் தெரிந்த, தனக்கென்று போன் வைத்திருக்கும் பெண்களிடமே இதுதான் நிலை.

நம் பக்கத்துக்கு வந்தால் இன்னும் மூன்று சிக்கல்கள் சேர்கின்றன. முதலாவது, போன் யாருடையது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி தங்களுக்கு உண்டு என்று சொன்ன பெண்கள் நாட்டளவில் 54 சதவீதம். தமிழ்நாடு அதைவிட மேல்தான். ஆனாலும் கர்ப்பப் பதிவில் கொடுத்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தால் பல வீடுகளில் எடுப்பது கணவனோ கொழுந்தனோதான். மாமியாருக்குத் தெரியாமல் மெல்லுகிறவளும் உண்டு. மாமியாரோடு உட்கார்ந்து மெல்லுகிறவளும் உண்டு. முன்னவளுக்கு, திரையில் "புகையிலையை விடுங்கள்" என்று பளிச்சென்று வந்து நிற்கும் ஒரு செய்தி வீட்டில் சண்டையைக் கிளப்பிவிடும். உதவி செய்யப் போய் அவளை அடி வாங்க வைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் இடம் உண்டு. தமிழில் 70 மட்டும். அதிலும் நாம் கணக்கிடுகிற மாதிரி எழுத்து அல்ல. "புகையிலை" நமக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டுக் குறி. உயிர்மெய்யின் கொம்பையும் கொக்கியையும் தனித்தனியே எண்ணும். நான் எழுதிப் பார்த்த ஒரு செய்தி இது:

"மீனா, இன்று வாய் நமநமத்தால் சீரகம் மெல்லுங்கள். புகையிலை வேண்டாம்."

இதுவே 66 குறி. யார் அனுப்புகிறார்கள், ஏன், அடுத்து யாரைக் கேட்பது என்று எதற்கும் இடமில்லை. நீட்டினால் இரண்டு செய்திக் காசு. பரிவோ, கொஞ்சம் பேச்சோ இந்த அளவில் அடங்காது. கட்டளை மட்டும்தான் அடங்கும்.

மூன்றாவது, நம்பிக்கை. மொத்தமாகச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் மாதிரியையும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். மோசடியைத் தடுக்கத் தேவையான விதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் செய்தி ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஒரு பெயர் தாங்கி வந்து, கடன் விளம்பரத்துக்கும் ரீசார்ஜ் நினைவூட்டலுக்கும் நடுவில் கிடக்கும். திறந்து பார்ப்பவர்கள் குறைவு. பதில் எழுதுவோர் அதிலும் குறைவு.

அரசின் குறுஞ்செய்தித் திட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2016-ல் தொடங்கியது, 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் புகையிலையை விட ஊக்கச் செய்திகள் வரும். ஆண்களுக்குச் சொல்லத் தகுந்த வழி. கர்ப்பிணிக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆக, நாமும் தனியாகச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டுக்குப் பணம் கொட்டுவதில் எனக்கு உற்சாகம் இல்லை.

பதிவு செய்த குரல் அழைப்பு

படிக்க வராதவர்களுக்கு இது மேல். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் கையிலெடுத்த கில்காரி திட்டத்தில், நாலாவது மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒன்றாக 72 பதிவு அழைப்புகள் போகின்றன. அந்தந்த வாரத்துக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் பேசும் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் எந்த வழியில் போனாலும் இந்த வார வரிசையைப் பின்பற்றலாம்.

குறை என்னவென்றால் அது கேட்காது, பேச மட்டும் செய்யும். களத்தில் நெல் கிளறும் நேரத்தில் வந்தால் எடுக்க முடியாது. எடுத்தாலும் "ஏதோ கம்பெனிக்காரன்" என்று வைத்துவிடுவார்கள். குரலும் நம் ஊர்க் குரலாக இருக்காது. சிறிய குழு ஒன்று இதற்கான ஏற்பாட்டைத் தனியாக நடத்துவதும் கட்டுப்படியாகாது.

இலவச உதவி எண்

1800-11-2356. புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே 2018 செப்டம்பரிலிருந்து அச்சிடுகிறார்கள். தமிழில் பேசுகிறவர்களுக்குப் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல மருத்துவ நிறுவனத்தின் மையம் பதில் சொல்கிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பேசுகிறார்கள், காசு கிடையாது. தானாகக் கூப்பிடத் துணிகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. வெட்கத்தாலும் பயத்தாலும் கூப்பிடாதவள்தான் நம் பெண். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, எண்ணை அழுத்தி, "பேசும்மா, நானும் இங்கனதான் இருக்கேன்" என்று கொடுத்தால் பேசுவாள்.

பணமும் பரிசும்

கிளாஸ்கோ நகரில் 612 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. புகையை விட்டால் 400 பவுண்டு வரை கடைக் கூப்பன். கூப்பன் வாக்களிக்கப்பட்டவர்களில் 22.5 சதவீதம் பேர் விட்டார்கள், மற்றவர்களில் 8.6 சதவீதம். 2015-ல் வெளியான இந்தக் கணக்குத்தான் எல்லாக் கணக்கிலும் பெரிது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும் சிலர் கண் விரிந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் இருக்கிறதே, அதன் தவணையைப் புகையிலையோடு கோத்துவிடக் கேட்கலாமே என்றார்கள்.

இதை நான் முழு மூச்சோடு எதிர்க்கிறேன். அந்தப் பணம் அவளுடைய சத்துணவுக்கும் வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்களுக்கும் உரியது. அதன் மேல் நிபந்தனை வைத்தால் அவள் பழக்கத்தை விட மாட்டாள், மறைப்பாள். செவிலியரிடம் உண்மை சொல்வது நின்றுவிடும். அதோடு எல்லா உதவியும் போச்சு. கிளாஸ்கோவில் மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடை அளந்து சரிபார்த்தார்கள். மெல்லும் புகையிலையை அந்தக் கருவி காட்டாது; நிக்கோட்டின் உடம்புக்குள் போய் மாறும் கோட்டினின் என்ற பொருள் எச்சிலிலோ சிறுநீரிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் அதற்கு எங்கே போவது? அங்கே ஒரு பெண்ணைச் சிறுநீர் கொடுத்துத் தன் சொல்லை மெய்ப்பிக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

சின்னப் பரிசுகள் வேறு விஷயம். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், சீரகமும் ஓமமும் வறுத்துக் கட்டிய ஒரு பொட்டலம். இவற்றை நிபந்தனை இல்லாமல் கொடுக்கலாம். பசிக்குத்தானே மெல்லுகிறாள்? பதினோரு மணிக்குக் கையில் கடலைமிட்டாய் இருந்தால் சுருக்குப்பைக்கு வேலை குறையும். எங்கள் பணத்தில் நல்ல பங்கு இதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

நேரில் பேசுவது

கர்ப்பிணி ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் புகையிலைப் பழக்கத்தையும் வீட்டில் பிறர் பிடிக்கும் புகையையும் கேட்க வேண்டும், பழக்கம் இருப்பவர்களுக்கு ஆலோசனை தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. புகையை மறக்கடிக்கும் மாத்திரைகளைக் கர்ப்பிணிக்கு அது பரிந்துரைக்கவில்லை. நிக்கோட்டின் சூயிங்கமும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆகவே கர்ப்பிணிக்கு முதல் மருந்து பேச்சுத்தான்.

கிராம சுகாதாரச் செவிலியருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. பல ஊர்களை ஒருவரே பார்க்கிறார். தடுப்பூசி, பதிவேடு, பிக்மி என்னும் அரசின் இணையக் கர்ப்பப் பதிவு, அவசரப் பிரசவம். இதில் புகையிலைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு நிமிடத்தையும் நன்றாகச் செலவிட முடியும் என்று காட்டிய ஒரு செவிலியரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அட்டையில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"வெத்தலை போடுவியாம்மா?"

"எப்பயாச்சும் சிஸ்டர்."

"பொகையில வச்சா, வைக்காமயா?"

"கொஞ்சூண்டு."

"காலையில எந்திரிச்சதும் வேணும்போல இருக்குமா, வேலையிலதானா?"

"வேலையிலதான். பக்கத்துல போட்டா வாய் ஊறுது."

"சரி. நாளைக்கு ஒரு நாள் அவுக பக்கத்துல உக்காராம அந்தண்ட உக்காரு. சீரகம் தாரேன், அத மெல்லு. நாளன்னைக்கு நான் போன் பண்ணுறேன், என்னாச்சுன்னு சொல்லு. போட்டுட்டேன்னாலும் சொல்லு, வைய மாட்டேன்."

திட்டு இல்லை, புற்றுநோய்ப் படம் இல்லை. "போட்டுட்டேன்னாலும் சொல்லு" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் நமநமப்பும் எரிச்சலும் உச்சத்தில் இருக்கும். அடங்க மூன்று நாலு வாரம் ஆகும். செவிலியர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அந்த மூன்று நாளில் அவள் தனியாகப் போராடித் தோற்றிருப்பாள். நேர்ப் பேச்சின் பலவீனம் இதுதான்: ஆள் பக்கத்தில் இருக்கும்போது பலம், போன பிறகு ஒன்றுமில்லை. அந்த இடைவெளியைப் போன்தான் அடைக்க முடியும்.

தெரிந்த குரல், போன் வழியே

நான் ஆதரிக்கும் வழி இது. செவிலியரோ, அங்கன்வாடிப் பணியாளரோ, மகளிர் குழுவில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணோ, அவளை ஒரு தடவையாவது நேரில் பார்த்துப் பேசியவர், தன் சொந்தக் குரலில் வாட்ஸ்அப்பில் அரை நிமிடம் பேசி அனுப்புவது. முதல் வாரம் நாள்தோறும், அடுத்த மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று.

ஏன் இது நம் பக்கத்துக்குப் பொருந்தும் என்கிறேன்? செட்டிநாட்டில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத ஊர் கிடையாது. கணவன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் மனைவி கையில் ஸ்மார்ட்போன் இருக்கும், வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பவும் கேட்கவும் கை பழகியிருக்கும். எழுதத் தெரியாவிட்டாலும் பதில் பேச முடியும். எழுத்து திரையில் தெரிந்து காட்டிக்கொடுப்பதுபோல் குரல் காட்டிக்கொடுக்காது. வெறும் கோடும் புள்ளியுமாகக் கிடக்கும், தனியாக இருக்கும்போது காதில் வைத்துக் கேட்கலாம். வீட்டார் கேட்டாலும் பாதகமில்லாதபடி பேசவும் செய்யலாம்: "சீரகம் இருக்கா? இன்னைக்கு எப்படி இருந்துச்சு? புள்ள அசையுதா?" புகையிலை என்ற சொல்லே வேண்டியதில்லை. அவளுக்குப் புரியும்.

ஸ்மார்ட்போன் இல்லாத, பட்டன் போன் வைத்திருக்கும் கூலி வீடுகள்தான் அதிகத் தேவை உள்ள வீடுகள் என்பதை மறக்கவில்லை. அவர்களுக்கு நேரடியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டியதுதான். வேலை விட்டு வந்து சமைக்கும் முன் கிடைக்கிற சாயந்தர நேரம் எது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் அழைப்பை எந்தக் காரணத்துக்காகவும் தவற விடக் கூடாது.

போனுக்கு ஆதரவாக இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். கண்டனூரில் பதிவு செய்தவள் பொன்னமராவதிப் பக்கம் போய்விட்டால் செவிலியர் மாறுகிறார், அங்கன்வாடி மாறுகிறது, மாவட்டமே மாறுகிறது. இதுவரை கட்டிய உறவெல்லாம் அறுந்துபோகிறது. போன் மட்டும் அவளோடு போகும். மாதம் ஏறிய பெண்களுக்குத்தான் அமெரிக்கச் செய்தித் திட்டமும் ஓரளவு கை கொடுத்தது. அந்த மாதங்களில் நம் பெண் எங்கே இருக்கிறாள் என்பதை யோசித்தால், நேர்ச் சந்திப்பை மட்டும் நம்பவும் கூடாது என்று பெரியவர்கள் கட்சிக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

செலவு? தொழில்நுட்பத்துக்குக் காசு இல்லை. குரல் கொடுக்கும் பெண்ணின் நேரத்துக்குத்தான் காசு. செவிலியரின் சொந்த நேரத்தை இலவசமாக உறிஞ்சக் கூடாது. குழுவிலிருந்து இரண்டு பெண்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, மாதச் சன்மானம் கொடுத்து, செவிலியர் அறிமுகப்படுத்தி வைப்பதுதான் நியாயம். சிங்கப்பூர்ப் பணம் இதற்குப் போகட்டும். அந்தப் பெண்கள் தாங்களே ஒரு காலத்தில் மென்று விட்டவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

கணவனுக்கு எழுத்து

இங்கேதான் குறுஞ்செய்தி தன் இடத்தைப் பிடிக்கிறது. ஆண்கள் கையில் சொந்தப் போன் இருக்கிறது, படிக்கிறார்கள், திரையில் என்ன வந்தாலும் அவர்களுக்கு அடி விழாது. "வீட்டுக்குள் பீடி வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு மூச்சு முட்டும்." இப்படி வாரம் ஒரு செய்தி, மனைவியின் மாதக் கணக்கோடு. பக்கத்திலேயே மிஸ்டு கால் எண். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில். அவர்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் வீட்டில் பீடி பிடிக்கும் தகப்பனாரிடம் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு, மருமகளுக்குக் கிடையாது.

ஆனால் மனைவி மெல்லுகிறாள் என்பதைக் கணவனுக்குச் சொல்லும் எந்தச் செய்தியும் போகக் கூடாது. அவள் சம்மதம் இல்லாமல் போகவே கூடாது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

எங்கே தொடங்குவது?

பெயர் சொல்லி ஆளைத் தேடிப் போகாமல், அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வளையலும் ஐந்து வகைச் சாதமும் கொடுக்கும் அந்த மேடைக்கு அருகில் எல்லாக் கர்ப்பிணிகளும், மாமியார்களும், அம்மாக்களும் கூடியிருப்பார்கள். அங்கே யாரையும் தனியாகச் சுட்டாமல், எல்லோருக்கும் சீரகப் பொட்டலமும் கடலைமிட்டாயும் கொடுத்து, எண்ணை வாங்கிக்கொள்ளலாம். தட்டில் வெற்றிலை பாக்கு வைப்பது மங்கலம். அதை எடுக்கச் சொன்னால் மொத்தக் கூட்டமும் நமக்கு எதிராகத் திரும்பும். மாமியார்களிடம் பேசும்போது, "புகையிலை மட்டும் புள்ள பொறக்குறவரைக்கும் உங்க முடிச்சுலயே இருக்கட்டும் அயித்தை, அவ கையில குடுக்காதீக" என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. பேரப்பிள்ளை மேல் அவர்களுக்கு இருக்கும் ஆசை நமக்குத் துணை.

வளைகாப்புக்கு வரும்போது பலருக்கு மாதம் ஏறியிருக்கும் என்பது இந்த யோசனையின் குறை. முதல் மூன்று மாதத்தில் பிடிக்க வேண்டுமானால் கர்ப்பப் பதிவின்போதே செவிலியர் "வெற்றிலை போடுவியா, புகையிலை வைத்தா" என்ற அந்த இரண்டு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அதற்காக வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்துப் பேச வேண்டியது குழுவின் முதல் வேலை.

பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் குரல் நிற்கக் கூடாது. பத்தியச் சாப்பாடு முடிந்ததும் சீரணத்துக்கு என்று தாய் வீட்டு அம்மாவோ அப்பத்தாவோ வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள். அந்த மடிப்புக்குள் பழையபடி ஒரு கிள்ளு ஏறிவிடுவது அப்போதுதான். "புள்ள பொறந்துருச்சுல்ல, இனி என்ன?" என்பார்கள். நிக்கோட்டின் தாய்ப்பாலிலும் போகிறது. அந்த வாரங்களில் அம்மாவுக்கும் ஒரு அழைப்புப் போக வேண்டும், பெண்ணுக்கு மட்டும் அல்ல. திட்டச் செலவில் அதற்கும் இப்போதே ஒரு தொகை ஒதுக்கி எழுதச் சொல்லியிருக்கிறேன்.